பழைய பைக்குக்கு புது எல்.இ.டி பல்பு: வெளிச்சம் உங்களுக்கா, எதிர்ல வர்றவருக்கா?

போன தீபாவளிக்கு அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த பரிசு, ஒரு எல்.இ.டி ஹெட்லைட் பல்பு.

அவருக்கு வயது 61. ரிட்டயர் ஆன பிறகும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறார். செகண்ட் ஷிஃப்ட் என்றால் ஆவடி பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர ராத்திரி பதினொன்று ஆகிவிடும். ஓட்டுவது 2006 மாடல் 100 சிசி பைக். பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி-யைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். இன்ஜின் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. ஹெட்லைட் மட்டும் கார்த்திகை அகல்விளக்கு. சிக்னலில் நின்றால் மங்கிவிடும், ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் கொஞ்சம் உயிர் வரும்.

"பல்பை மாத்திடலாம்ப்பா, சில நூறு ரூபாதான்" என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். தெருமுனைக் கடையில் பத்தே நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி தெருவே பகல் மாதிரி ஆனது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு மாடியில் இருக்கும் அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏம்ப்பா, உங்கப்பா தெருவுல திரும்பினாலே எங்க பெட்ரூம் சுவரு வெளுத்துப் போவுது. அந்த லைட்டை கொஞ்சம் இறக்கி வெக்கக் கூடாதா?"

சிரித்துவிட்டு வீட்டுக்குள் போனேன். சாப்பிடும்போது அப்பா தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். "வெளிச்சம் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா நேத்து அந்த ஸ்பீடு பிரேக்கரைப் பார்க்கவே இல்ல. தூக்கிப் போட்டுடுச்சு."

முதல் மாடி பெட்ரூம் தெரிகிறது, ரோட்டில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கர் தெரியவில்லை. அப்படியென்றால் நான் காசு கொடுத்து வாங்கிய வெளிச்சம் எங்கே போகிறது?

ஹெட்லைட் என்றால் பல்பு மட்டும் அல்ல

நாம் எல்லோரும் செய்யும் முதல் தப்பு, ஹெட்லைட்டை வீட்டு டியூப்லைட் மாதிரி நினைப்பது. வீட்டில் வெளிச்சம் நாலு பக்கமும் பரவினால் நல்லது. ரோட்டில் அப்படி இல்லை. கீழே, தூரத்தில், இடது ஓரத்தில் வெளிச்சம் வேண்டும். மேலே, வலது பக்கம் எதிர்வண்டி வரும் இடத்தில் இருட்டு வேண்டும். ஹெட்லைட்டின் பாதி வேலை வெளிச்சம் கொடுப்பது, மீதி பாதி வேலை வெளிச்சத்தை மறைப்பது.

பழைய வண்டிகளில் இந்த வேலையை மூன்று பொருள்கள் சேர்ந்து செய்கின்றன: பல்பு, அதன் பின்னால் இருக்கும் கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டர், முன்னால் இருக்கும் கண்ணாடி. கார்களில் வரும் ஹெச்4 பல்பை, பல பைக்குகளில் வரும் ஹெச்எஸ்1 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். டிம் லைட்டுக்கான இழைக்குக் கீழே குட்டியாக ஓர் உலோகக் கிண்ணம் தெரியும். அந்தக் கிண்ணம் கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தைத் தடுத்துவிடும். அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, ரோட்டை நோக்கிக் கீழே இறங்கும். எதிரில் வருபவரின் கண் தப்பிக்கிறது.

அந்த இழை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவையே வடிவமைக்கிறார்கள். இழை ஒரு சின்ன உருளை. சுற்றிலும் ஒரே மாதிரி ஒளிரும்.

இப்போது அதே ஓட்டைக்குள் ஓர் எல்.இ.டி பல்பைச் செருகுகிறோம். அதில் இழை கிடையாது. தட்டையான பட்டையின் இரண்டு பக்கமும் சிப்கள் ஒட்டியிருக்கும். ஒளி வரும் இடம் வேறு, திசை வேறு, அளவு வேறு. பல மலிவு பல்புகளில் அந்த உலோகக் கிண்ணமும் சரியான இடத்தில் இருக்காது. ரிஃப்ளெக்டர் பாவம், தனக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறது. ஆனால் வெளிச்சம் எதிர்வீட்டு மாடிக்கும், எதிரில் வருபவரின் முகத்துக்கும், மிச்சம் மீதி ரோட்டுக்கும் போகிறது.

அப்பாவின் ஸ்பீடு பிரேக்கர் கதைக்கும் இதில் விடை இருக்கிறது. பல எல்.இ.டி பல்புகளை மாட்டினால் வண்டிக்கு முன்னால் ஐந்து, பத்து மீட்டரில் வெள்ளை வெளேரென்று ஒரு பாய் விரித்த மாதிரி இருக்கும். "செம லைட்டு" என்று நம்மைச் சொல்ல வைப்பது அந்தப் பாய்தான். பக்கத்தில் அவ்வளவு பளிச் என்று இருந்தால் கண்ணின் பாப்பா சுருங்கிவிடும். சுருங்கிய கண்ணுக்குத் தூரத்தில் இருப்பது முன்பைவிட இருட்டாகத் தெரியும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை நிறுத்த, யோசிக்கும் நேரத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 35, 40 மீட்டர் வேண்டும். பத்து மீட்டரில் தெரியும் பள்ளத்தைப் பார்த்து என்ன செய்ய முடியும்? விழும்போது எதில் விழுகிறோம் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

'20,000 லூமன்ஸ்' என்ற அட்டைப்பெட்டிக் கதை

ஆன்லைனில் தேடினால் 10,000 லூமன்ஸ், 20,000 லூமன்ஸ் என்று நம்பர்கள் பறக்கும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

60/55 வாட் ஹெச்4 ஹாலோஜன் பல்பின் டிம் லைட், சர்வதேச விதிப்படி சுமார் 1,000 லூமன்ஸ். ஹைபீம் 1,650. பைக்குகளின் 35/35 வாட் ஹெச்எஸ்1 இதில் பாதிதான். கம்பெனிகள் இந்த அளவை வைத்துத்தான் ஒழுங்கான ஹெட்லைட்டைத் தயாரித்தன.

எல்.இ.டி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 முதல் 150 லூமன்ஸ் கொடுக்கும். பெட்டியில் 30 வாட் என்று போட்டிருந்தால் 3,000 முதல் 4,500 வரை வரலாம். 20,000 வரவேண்டும் என்றால் 130 வாட்டுக்கு மேல் வேண்டும். உங்கள் பைக்கின் மொத்த மின்சாரமும் அதற்குப் போதாது. அந்த நம்பரை நம்பி வாங்காதீர்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

இன்னொரு வழி, 100/90 வாட் ஹாலோஜன் பல்பு. பழைய கார்க்காரர்களின் பழைய ஆசை. 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இருபது வருஷத்து வயரும் சுவிட்சும் அதைத் தாங்காமல் சூடாகும். ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு கறுக்கும். கொஞ்ச நாளில் முன்பு இருந்ததைவிடக் குறைந்த வெளிச்சத்தில் வந்து நிற்பீர்கள்.

புதுச்சத்திரத்தில் செய்வதை, பத்து நிமிடத்தில் கெடுக்கிறோம்

இதில் நம்ம ஏரியாவுக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் ரோட்டில் திருமழிசையைத் தாண்டிப் போனால் புதுச்சத்திரம். ஜப்பானின் கொய்டோவும் நம்ம பாடி லூகாஸ் டிவிஎஸ்ஸும் 1990-களில் சேர்ந்து ஆரம்பித்த இந்தியா ஜப்பான் லைட்டிங் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. கார்களுக்கான ஹெட்லைட் செய்வதுதான் அவர்களின் தொழில். கொய்டோ உலகின் மிகப் பெரிய ஹெட்லைட் கம்பெனிகளில் ஒன்று. லூகாஸ் டிவிஎஸ் 1961-லிருந்து வண்டிகளின் எலெக்ட்ரிக்கல் பாகங்களைச் செய்கிறது.

அம்பத்தூர், பாடி, ஆவடி, பூந்தமல்லி முழுக்க வண்டி பாகம் செய்து பிழைக்கும் ஊர்கள். நம் வீடுகளில் ஒருவராவது ஏதோ ஒரு வண்டிக்கு ஏதோ ஒரு பாகம் செய்திருப்பார். மைக்ரோமீட்டர் பிடித்து அளந்து, ஒரு மயிரிழை தப்பினால் 'ரிஜெக்ட்' போடும் ஊர் இது. அதே ஊரில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும், அளவே பார்க்காத ஒரு பல்பை நம் வண்டியிலேயே மாட்டிக்கொள்கிறோம்.

ஏன் எல்லோரும் மாட்டுகிறோம்?

இதை இளைஞர்களின் 'கெத்து' என்று ஒதுக்கிவிட முடியாது. கெத்துக்காக மாட்டுபவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் அப்பா கெத்துக்காக மாட்டவில்லை.

சி.டி.ஹெச். ரோட்டில் ராத்திரி ஒருமுறை போய்ப் பாருங்கள். கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, நடுவில் படுத்திருக்கும் மாடு. வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோடுகளில் பல இடங்களில் இருட்டு. பூந்தமல்லி பக்கம் மெட்ரோ வேலைக்காக வருஷக்கணக்கில் தடுப்புகளும் டைவர்ஷன்களும். ரோட்டின் நடுக்கோடு பல இடங்களில் அழிந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளத்துக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த ரோட்டில் தினமும் போகிறவர் கூடுதல் வெளிச்சம் கேட்பது நியாயமான ஆசை.

அதோடு, எதிரில் வருபவர் ஏற்கெனவே எல்.இ.டி போட்டிருக்கிறார். அவரது வெளிச்சத்தில் நம் பழைய விளக்கு காணாமல் போய்விடுகிறது. உடனே நாமும் மாற்றுகிறோம். நம்மைப் பார்த்து அவர் ஹைபீம் போடுகிறார். கல்யாண வீட்டில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்வரிசை முழுக்க எழுந்து நிற்குமே, அந்தக் கதைதான். கடைசியில் எல்லோரும் நிற்கிறோம், யாருக்கும் தாலி கட்டுவது தெரியவில்லை.

ஆனால் கூசும் கண்ணுக்கு ஒரு விலை உண்டு. பளிச் வெளிச்சம் கண்ணில் பட்டால், பழைய நிலைக்குத் திரும்பச் சில விநாடிகள் ஆகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 14 மீட்டர் போகிறோம். இரண்டு விநாடி என்றால் 28 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரி. வயதானவர்களுக்கு இந்த நேரம் இன்னும் நீளும். வயது ஏற ஏற கண்ணின் லென்ஸ் மங்குவதால் உள்ளே வரும் ஒளி அதிகமாகச் சிதறும். அதிலும் எல்.இ.டி-யின் நீலம் கலந்த வெள்ளை, ஹாலோஜனின் மஞ்சளைவிட அதிகம் கூசும். என் பல்பு யாரையோ குருடாக்கியது என்றால், அது பெரும்பாலும் என் அப்பா வயதில் ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த இன்னொருவரைத்தான் இருக்கும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். அதே ஆண்டு நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்களில் 44 சதவிகிதத்துக்கும் மேல் டூவீலரில் போனவர்கள். ஒரு நாளில் அதிக விபத்துகள் நடக்கும் நேரம் மாலை 6 முதல் 9 மணி வரை. இதெல்லாம் ஹெட்லைட்டால் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இருட்டும் நேரம், டூவீலர், தமிழ்நாடு மூன்றும் ஒன்றாக வரும் இடத்தில்தான் நாம் இந்தப் பல்பை மாட்டுகிறோம்.

சட்டம் என்ன சொல்லுது பாஸ்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 106-வது விதி என்று ஒன்று இருக்கிறது. ஹெட்லைட்டிலிருந்து 8 மீட்டர் முன்னால், அதன் வலது பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால், அது கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இறங்கியிருக்க வேண்டும். அதாவது, எதிரில் வரும் ஒரு சாதாரண மனிதரின் கண். சட்டம் எத்தனை வாட் என்பதோடு நிற்கவில்லை, எதிரில் இருப்பவரின் கண்ணையும் அளவுகோலாக வைத்திருக்கிறது.

இது இன்று நேற்று வந்த கவலை இல்லை. அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள். ஹெட்லைட்டில் கறுப்பு பெயின்ட் அடித்து, கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டிய காலத்தைச் சொல்வார்கள்.

வண்டியை அனுமதியில்லாமல் மாற்றுவதற்கு, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அதே ஆண்டு ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில், கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் கர்நாடக போலீஸ், கண்ணைக் கூசவைக்கும் எல்.இ.டி விளக்குகள் மீது மாநிலம் முழுக்க வழக்குப் போடத் தொடங்கியது.

வெளிநாடுகளிலும் இதே தலைவலிதான். ஹாலோஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டில் எல்.இ.டி பல்பு மாட்டியிருந்தால், பிரிட்டனில் 2021-லிருந்து கார்கள் வருடாந்திர சோதனையில் ஃபெயில். ஜெர்மனி வேறு வழியில் போனது. 2020-ல் சில எல்.இ.டி பல்புகளுக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று கொடுக்கவில்லை. எந்த கார் மாடலின் எந்த ஹெட்லைட்டில் சோதித்துப் பார்த்தார்களோ, அந்த ஹெட்லைட்டுக்கு மட்டும்தான் அனுமதி. பல்பும் ரிஃப்ளெக்டரும் ஜோடியாகத்தான் பாஸ் ஆக முடியும் என்பதை அவர்கள் சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

நம்ம ஊரில் நடப்பது என்ன? ராத்திரி செக்கிங்கில் ஹெல்மெட், மதுவாடை, டாக்குமென்ட் பார்ப்பார்கள். ஒரு ஹெட்லைட்டின் வெளிச்சம் எந்த உயரத்தில் போகிறது என்று ரோட்டோரம் நின்று அளப்பது லேசான வேலை இல்லை. பிடித்தாலும் மாட்டுபவர் பைக்காரர் மட்டும்தான். பல்பு ஆன்லைனிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தாராளமாகக் கிடைக்கிறது. சிலவற்றின் பெட்டியில் 'ஆஃப் ரோடு யூஸ் ஒன்லி' என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அம்பத்தூரில் வாங்கும் பல்பை நான் எந்தக் காட்டில் போய் ஓட்டப்போகிறேன்?

அபராதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விற்பவரை விட்டுவிட்டு, தெருவிளக்கையும் அழிந்த நடுக்கோட்டையும் விட்டுவிட்டு, மாட்டியவரை மட்டும் பிடித்தால் இது தீராது. எஃப்.சி-க்குப் பழைய வண்டி வரும்போது ஹெட்லைட் எரிகிறதா என்று மட்டும் பார்க்காமல், எங்கே எரிகிறது என்று பார்த்தாலே பாதிப் பிரச்னை குறையும்.

சரி, என்னதான் செய்வது?

இந்தக் கேள்வியோடு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் அப்பாவின் பைக்கைக் கொண்டுபோனேன். "அண்ணா, நல்ல எல்.இ.டி-யா ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்றேன். அவர் ஹெட்லைட்டைக் கழற்றி, ரிஃப்ளெக்டரை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "உன் மூஞ்சி தெரியுதா தம்பி?" தெரியவில்லை. சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. "உனக்கே தெரியல. பல்பு என்ன பண்ணும்?"

அன்றைக்குக் கற்றுக்கொண்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசை முக்கியம். செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பிக்கிறது.

*1. துடையுங்கள்.* கண்ணாடிக்கு வெளியே சேறு, உள்ளே தூசி, ஈரம். கண்ணாடி என்றால் கழுவினால் போதும். கார்களில் வரும் பிளாஸ்டிக் லென்ஸ் வெயிலில் மஞ்சளாகிவிடும். டூத்பேஸ்ட் தேய்த்தால் கொஞ்ச நாள் பளிச் என்று இருக்கும், மறுபடி மஞ்சளாகும். 1000, 2000, 3000 என்று படிப்படியாக நைஸான வாட்டர் பேப்பரில் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே யு.வி. கோட்டிங் அடித்தால்தான் நிற்கும்.

*2. ரிஃப்ளெக்டரைப் பாருங்கள்.* வெள்ளிப்பூச்சு உரிந்தோ கறுத்தோ இருந்தால், எந்தப் பல்பு போட்டாலும் வேஸ்ட். மொத்த ஹெட்லைட் அசெம்பிளியை ஒரிஜினலாக மாற்றுவதுதான் வழி. பழைய மாடல்களுக்குப் பாகம் கிடைக்காவிட்டால் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. ஆனால் அங்கேயும் பூச்சைப் பார்த்து வாங்குங்கள்.

*3. வோல்ட்டேஜை அளந்து பாருங்கள்.* ஹெட்லைட் எரியும்போது பல்பின் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்து பல்பில் 12.1 மட்டும் வந்தால், வழியில் 10 சதவிகிதம் தொலைந்திருக்கிறது. ஹாலோஜனில் வோல்ட்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் குறையும். துருப்பிடித்த எர்த்தைச் சுரண்டி இறுக்கினாலே பல வண்டிகளுக்கு உயிர் வந்துவிடும். கார்களில், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு தடிமனான வயர் இழுத்து ரிலே போடுவது பழைய மெக்கானிக்குகள் செய்யும் வேலை. சுவிட்சும் பிழைக்கும், வெளிச்சமும் கூடும்.

*4. உங்கள் பைக் ஏ.சி-யா, டி.சி-யா?* சிக்னலில் மங்கி, முறுக்கினால் ஏறும் பழைய பைக்குகளில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை, நேராக காயிலிலிருந்து வருகிறது. இதில் எல்.இ.டி போட்டால் துடிக்கும். அதனால் கடையில் லைனை பேட்டரிக்கு மாற்றிவிடுவார்கள். ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் மட்டும் என்று வைத்த குட்டி பேட்டரி அது. சார்ஜ் ஏறுவதைவிட இறங்குவது அதிகமாகி, ஒருநாள் ராத்திரி ஹாரனும் சேர்ந்து போய்விடும். அப்பாவின் பைக்கில் நடந்ததும் இதுதான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டூவீலர்களில் லைட் எப்போதும் எரிய வேண்டும் என்பது விதி. அந்த வண்டிகளின் சார்ஜிங்கே அதற்கேற்ப இருக்கும். அவற்றைப் பார்த்து 2006 மாடலில் காப்பி அடிக்க முடியாது.

*5. உயரத்தைச் சரிபாருங்கள்.* இதற்கு ஒரு பைசா செலவில்லை. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, நீங்கள் அதில் உட்காருங்கள். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். டிம் லைட்டின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். தினமும் பின்னால் ஒருவர் உட்கார்ந்து வருவார் என்றால், அவரையும் உட்கார வைத்துப் பாருங்கள். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்க வெளிச்சம் மேலே ஏறும்.

*6. கடைசியாகத்தான் பல்பு.* வண்டியின் மேனுவலில் சொன்ன அதே வாட், அதே வகை, பெயர் தெரிந்த கம்பெனி. ஹாலோஜன் பல்பு ஃபியூஸ் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். வயதாக ஆக உள்ளே கறுத்து, வெளிச்சம் தானாகக் குறையும்.

*7. எல்.இ.டி-தான் வேண்டும் என்றால்,* பல்பை மட்டும் மாற்றாதீர்கள். எல்.இ.டி-க்கென்றே லென்ஸும் ரிஃப்ளெக்டரும் வடிவமைத்த, சான்றிதழ் முத்திரை உள்ள முழு ஹெட்லைட்டாகப் பாருங்கள். இடதுபக்கம் ஓட்டும் நம் நாட்டுக்கானதா என்றும் பாருங்கள். கார் ஹெட்லைட்டின் டிம் வெளிச்சம் ரோட்டோரம் தெரிவதற்காக ஒரு பக்கம் மட்டும் சற்று மேலே ஏறும். நமக்கு அது இடது பக்கம். வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கான யூனிட்டை மாட்டினால், அந்த ஏற்றம் நேராக எதிர்வண்டிக்காரர் கண்ணில்தான் போய் நிற்கும். மாட்டுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுங்கள். அம்பத்தூர் டி.என். 13, பூந்தமல்லி டி.என். 12.

எல்.இ.டி மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. புது வண்டிகளில் கம்பெனியே போட்டுத் தருவது நன்றாகவே வேலை செய்கிறது. மின்சாரமும் மிச்சம். தப்பான வீட்டுக்குக் குடிவந்த எல்.இ.டி-தான் பிரச்னை.

எட்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்

அப்பாவின் பைக்குக்கு ஒரிஜினல் ஹெட்லைட் அசெம்பிளி, மேனுவலில் சொன்ன அதே ஹாலோஜன் பல்பு, மறுபடி காயிலுக்கே மாற்றிய வயரிங், சுரண்டிப் பிடித்த எர்த். மொத்தச் செலவு நான் வாங்கிய எல்.இ.டி பல்பைவிட அதிகம்தான். வெளிச்சம் பார்க்க அவ்வளவு 'மாஸ்' இல்லை. கொஞ்சம் மஞ்சள். சிக்னலில் இன்னும் லேசாக மங்கத்தான் செய்கிறது.

அன்று ராத்திரி தெருவில் பைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, டேப் பிடித்து எட்டு மீட்டர் தள்ளிப் போனேன். ஓட்டுபவருக்கு வலதுபுறமாக அரை மீட்டர் நகர்ந்து, கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வரும்படி லேசாகக் குனிந்து நின்றேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. விளக்கு தெரிந்தது. அதன் பின்னால் ஹேண்டில்பாரைப் பிடித்து உட்கார்ந்திருந்த அப்பாவின் முகமும் தெரிந்தது. முந்தைய பல்பில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பந்து மட்டும்தான் இருந்தது.

நீங்களும் இன்றைக்கு ராத்திரி இதை ஒருமுறை செய்து பாருங்கள். நண்பரை வண்டியில் உட்கார வைத்து, எட்டு மீட்டர் தள்ளிப் போய் நில்லுங்கள். அவர் முகம் தெரியவில்லை என்றால், நாளைக்கு உங்களுக்கு எதிரில் வரப்போகும் யாருக்கும் நீங்கள் தெரியப்போவதில்லை. ரோடும் தெரியப்போவதில்லை.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஸ்பீடு பிரேக்கர் தெரிஞ்சுது."

எதிர்வீட்டு அக்கா அதன் பிறகு எதுவும் சொல்லவில்லை. நன்றாகத் தூங்குகிறார் என்று நினைக்கிறேன்.